யோக்!

விடுமுறை என்றால் சும்மா இருப்பது என்று ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. மத்தியதரைக் கடலோரத்துக்கு ஐரோப்பாக்காரர்கள் வருஷா வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான். மணலில் துண்டை விரிப்பார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். மொட்டை மாடி வடாம் மாதிரி ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கம் திரும்பிப் படுப்பார்கள். சாயந்திரம் எழுந்து மீன் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் காய்வார்கள். பதினைந்து நாள் கழித்து நன்றாகச் சிவந்து ஊர் திரும்பினால் லீவு ஜோராக இருந்தது என்று அர்த்தம்.

இப்போது வெறுமனே காய்ந்துவிட்டு வந்தால் மதிப்பில்லை. மலையிலிருந்து குதித்தாயா, கடலுக்குள் முங்கினாயா, பாறை இடுக்கில் நுழைந்து ஜில் தண்ணீரில் விறைத்தாயா என்று கேட்கிறார்கள். 'சாகச விடுமுறை' என்று பெயர். வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றத் தயங்குகிற ஆசாமிகள் எல்லாம் அங்கே போய்க் காசு கொடுத்து உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

துருக்கியின் தென்மேற்கு மூலையில் ஒலூதெனிஸ் என்று ஒரு கடற்கரை ஊர். பெயருக்கு 'செத்த கடல்' என்று அர்த்தம். உப்பு ஜாஸ்தியாகி ஆளை மிதக்க விடுகிறதே சாக்கடல், அது வேறே. இங்கே ஒரு மணல் திட்டு, கையை வளைத்துக் கடலில் ஒரு துண்டை அணைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் உள்ளே அலை என்கிற சமாசாரமே கிடையாது. துணிக்கடையில் 'மயில் கழுத்து' என்று எடுத்துப் போடுவார்களே, தண்ணீர் அந்த நிறம். நானும் என் மனைவியும் அந்த ஊரில் ஆறு நாள் இருந்தோம்.

கடைத்தெருவில் நாலு கடைக்கு ஒரு கடை சாகசம் விற்கிறது. பாராகிளைடிங், ஸ்கூபா டைவிங், கயாக், ஜீப் சவாரி, மலை இடுக்கு நடை என்று ஹோட்டல் மெனு மாதிரி பலகையில் எழுதி, எதிரே விலை போட்டிருக்கிறார்கள். இரண்டு அயிட்டம் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. காலையில் கடலுக்கு அடியில், மத்தியானம் மலைக்கு மேலே என்று ஒரு 'செட்'டைக்கூட ஒரு கடையில் சிபாரிசு செய்தார்கள். (இந்த செட்டைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். விபரீதமான செட் அது.)

இத்தனை சாகசமும் ஒரே இடத்தில் விளைவதற்குக் காரணம் பூகோளம். டாரஸ் மலைத்தொடர் இங்கே கடல் ஓரத்துக்கே வந்து நின்றுவிடுகிறது. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் அதை லட்சக்கணக்கான வருஷமாகக் கரைத்துக் குடைந்து, குகையும் இடுக்கும் செங்குத்துச் சரிவுமாகச் செய்து வைத்திருக்கிறது. ஒலூதெனிஸுக்கு முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிற மலைக்குப் பெயர் பாபாதா. 1,969 மீட்டர் உயரம். பாபா என்றால் அப்பா, தா என்றால் மலை. எழுத்தில் கடைசியாக ஒரு 'ஜி' இருக்கிறது. அதன் தலையில் தொப்பி வைத்து வாயை மூடச் சொல்லிவிட்டார்கள், உச்சரிக்கக் கூடாது. கடலிலிருந்து ஐந்தே கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம் என்பதால், உலகம் பூராவிலிருந்தும் பாராகிளைடிங் ஆசாமிகள் இந்த அப்பாவைத் தேடி வருகிறார்கள். முன்னெல்லாம் மினிபஸ்ஸில் காட்டுப்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏற வேண்டும். 2021-ல் ரோப்கார் போட்டுவிட்டார்கள். ஆகவே மேலே போவதில் இப்போது சாகசம் இல்லை. இறங்குவதில்தான்.

நாங்களும் பாராகிளைடிங்குக்குப் பெயர் கொடுத்தோம். பயந்துவிடாதீர்கள், தனியாகப் பறக்க விடமாட்டார்கள். டாண்டம். அதாவது அனுபவசாலி பைலட் ஒருத்தர் பின்னால், நாம் கங்காருக் குட்டி மாதிரி முன்னால். ஒரு படிவத்தை நீட்டினார்கள். கை கால் முறிந்தாலோ, அதற்கு மேல் ஏதாவது ஆனாலோ நானே பொறுப்பு, இவர்கள் மேல் வழக்குப் போட மாட்டேன் என்கிற அர்த்தத்தில் இரண்டு பக்கம். கல்யாணப் பத்திரிகையைவிட அழகாக அச்சடித்திருந்தது.

"ஏங்க, நம்ம இன்ஷூரன்ஸ் பேப்பர் பீரோவுல எந்தத் தட்டுல இருக்கு?" என்றாள் என் மனைவி, மிகவும் சாதாரணமாக.

சிரிக்கிற விஷயம் இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுக்கிற இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பலவற்றில், எறும்பு எழுத்தில், பறப்பது, முங்குவது, கயிற்றில் தொங்குவது போன்ற காரியங்களுக்குப் பணம் கிடையாது என்று இருக்கும். கூடுதலாகக் கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். ஊரிலேயே அதைப் படித்துப் பார்த்துக் கட்டிவிட்டு வருவது உத்தமம். மலை உச்சியில் நின்றுகொண்டு ஏஜண்டுக்கு போன் போட முடியாது. எங்கள் பாலிசியில் சேர்த்திருந்தது. மனைவி கேட்டது தட்டு மட்டும்தான். அது வேறு கவலை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் ஆஜரானோம். ஆகாயம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. கடற்கரையில் காற்று, குழந்தை ஊதுகிற மாதிரி. நாற்பது வயசு பைலட் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, இரண்டு புருவத்தையும் மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்று ஒரு சப்தம் எழுப்பினார்.

"யோக்" என்றார்.

துருக்கி பாஷையில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதில் இது ஒன்று. யோக் என்றால் 'இல்லை, கிடையாது.' புருவத்தைத் தூக்கி 'ச்' கொட்டினாலும் அதே அர்த்தம்தான். நம்மவர்கள் அதை ஏதோ பரிதாபப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார்கள்.

ஏன் யோக்?

பாராகிளைடர் என்பது என்ன? ஒரு பெரிய துணி. நிறையக் கயிறு. அவ்வளவுதான். எஞ்சின் இல்லை, இறக்கைக்குள் கம்பி இல்லை. துணியில் வரிசையாக உறைகள் தைத்து முன்பக்கம் வாய் திறந்திருக்கும். எதிர்காற்று அதற்குள் புகுந்து உப்பினால்தான் துணி இறக்கையாகும். அதனால் சரிவில் கீழ்நோக்கி ஓடும்போது காற்று நமக்கு எதிரே, முகத்தில் அடிக்க வேண்டும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே கிளம்பும். அது வாகான காற்று. அதற்குப் பதிலாக மலையின் மறுபக்கத்திலிருந்து, முதுகில் காற்று அடித்தால் போச்சு. உப்புகிற துணி சுருங்கும். மலைக்குப் பின்புறம் வழிந்து இறங்குகிற காற்று, பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் சுழிக்குமே, அந்த மாதிரி சுழிக்கும். தண்ணீரில் சுழல் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் தெரியாது.

கீழே குழந்தை ஊதுகிற காற்று இருந்தால் மேலேயும் அப்படியே இருக்கும் என்று சட்டமில்லை. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயர வித்தியாசம். பைலட் எங்களை வாசலுக்கு அழைத்துப் போய் உச்சியைக் காட்டினார். அங்கே பாறை விளிம்பில் ஒரு சின்ன வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு கடல் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் ஆட்டுக்குட்டி என்று நினைத்திருப்பேன்.

"இன்று பூரா யோக். நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அரைகுறை இங்கிலீஷில்.

அப்போது ஒரு வெள்ளைக்கார வாலிபர் வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி அவருக்கு விமானம். ஒரு வருஷமாகக் காசு சேர்த்து, இந்த ஒரு பறத்தலுக்காகவே வந்ததாகச் சொன்னார். கெஞ்சினார். ஆகாயத்தைக் காட்டினார். பணம் கூடுதலாகத் தருகிறேன் என்றார். அப்புறம் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் எல்லாம் தொழில் தெரிந்தவர்கள்தானா? இந்த வெயிலில் என்ன பயம்?" என்று குரல் எழுப்பினார். பைலட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபடியும் புருவத்தை மட்டும் தூக்கினார். அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அட்வான்ஸை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். வாலிபர் டீயைத் தொடாமல் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பையன் மேலும் பரிதாபம்தான். ஆனால் பைலட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "பறக்காத நாளுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டேன்.

சிரித்தார். மறுபடி புருவம்.

அதாவது, அன்று காலை அவர் சொன்ன ஒவ்வொரு யோக்குக்கும் அவர் பாக்கெட்டிலிருந்துதான் பணம் போனது. நாங்கள் இரண்டு பேர், அந்த வாலிபர், அதற்கப்புறம் வந்த ஒரு குடும்பம். எல்லோருக்கும் ஒரே பதில். சரி என்று சொன்னால் பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. அந்தப் பத்தாவது தடவைக்காக அவர் ஒன்பது வரும்படியை விடுகிறார். விமானம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வசனம் புழங்குகிறது: மேலே இருந்துகொண்டு 'ஐயோ, கீழே இருந்திருக்கலாமே' என்று நினைப்பதைவிட, கீழே இருந்துகொண்டு 'அடடா, மேலே போயிருக்கலாமே' என்று நினைப்பது மேல். சொல்வது சுலபம். எதிரே ஒருத்தன் பணத்தோடு நின்று திட்டும்போது கடைப்பிடிப்பது கஷ்டம்.

பறக்க முடியாத நாட்களில் சும்மா இருப்பானேன் என்று சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். போகிற இடமெல்லாம் ஒரு யோக் காத்திருந்தது.

லிசியா என்பது இந்தக் கடலோரத்தின் பழைய பெயர். இதன் வழியாக லிசியன் பாதை என்று நீளமான நடைபாதை ஒன்று போகிறது. கேட் க்ளோ என்கிற பிரிட்டிஷ் பெண்மணி பழைய ஒற்றையடிப் பாதைகளையும் ரோமானியர் காலத்துச் சாலைகளையும் கழுதைத் தடங்களையும் தேடிப் பிடித்து இணைத்து, 1999-ல் திறந்த பாதை. ஒலூதெனிஸுக்கு மேலேதான் ஆரம்பம். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் சரியான வழி. தப்பான பாதை பிரிகிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அரை நாள் நடந்தோம். பட்டையைவிட அந்தப் பெருக்கல் குறிதான் எனக்கு உபகாரமாகப் பட்டது. சரியான வழியைச் சொல்கிறவர்கள் உலகத்தில் ஏராளம். 'இந்தப் பக்கம் போகாதே' என்று மெனக்கெட்டு வந்து எழுதி வைக்கிறவர்கள் சொற்பம்.

வண்டியில் ஒரு மணி நேரம் போனால் சக்லிகென்ட். 'ஒளிந்த ஊர்' என்று அர்த்தம். ஆறு மலையை அறுத்த இடுக்கு, 18 கிலோமீட்டர் நீளம், சுவர்கள் சில இடத்தில் 300 மீட்டர். உள்ளே தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் கால் மரத்துப் போகிற குளிர். வசந்த காலத்தில் மலை மேல் பனி உருகித் தண்ணீர் ஏறியிருந்தால் உள்ளே விட மாட்டார்கள். காரணம் கேட்டால் பயங்கரமாக இருக்கிறது. மலை இடுக்குகளில் வெள்ளம் வருவதற்கு நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்று அவசியமில்லை. எங்கோ மேலே மலையில் பெய்தால் போதும். இங்கே நீல ஆகாயம் தெரிந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து சேரும். இரண்டு பக்கமும் சுவர். ஓடுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

கெகோவா தீவில் வேறு விதம். பழங்காலத்துப் பூகம்பங்களில் கரையோர ஊர் ஒன்று பாதி கடலுக்குள் இறங்கிவிட்டது. படிக்கட்டுகள் நேரே தண்ணீருக்குள் போகின்றன. அதற்கு மேலே கயாக்கில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகலாம். குனிந்து பார்க்கலாம். குதிக்க மட்டும் கூடாது. மூழ்கிய ஊருக்கு மேலே நீந்துவது, முங்குவது இரண்டும் யோக். அந்தத் தண்ணீர் வேறு ஏமாற்றுகிற தண்ணீர். கண்ணாடி மாதிரி தெளிவு. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன் ஆழத்தில் முக்கால் பங்குதான் காட்டும். ஒளி வளைவதால் வருகிற வினை. நாலரை அடி, கழுத்தளவுதான் என்று கண் சொல்கிற இடத்தில் நிஜமாக ஆறடி இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்!

கெகோவாவுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் காஷ். டைவிங்குக்குப் பேர் போன இடம். காஷ் என்றால் துருக்கி பாஷையில் என்ன தெரியுமோ? புருவம்! ஊர் பூராவுமே எனக்கு 'ச்' கொட்டுகிற மாதிரி இருந்தது.

இங்கே அந்த செட்டுக்கு வருகிறேன். காலையில் முங்கி, மத்தியானம் பறப்பது.

கடலில் 10 மீட்டர் கீழே போனால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து ஏறுகிறது. மெதுவாக மேலே வந்தால் மெதுவாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால், சோடா புட்டியின் மூடியைச் சட்டென்று திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ் விடும். மூட்டு வலியில் ஆரம்பித்துப் பக்கவாதம் வரை போகலாம். பிரான்ஸ் நாட்டு பால் பெர்ட் 1878-லேயே குமிழுக்குக் காரணம் நைட்ரஜன் என்று எழுதிவிட்டார். ஹால்டேன் என்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, எவ்வளவு மெதுவாக மேலே வரலாம் என்று 1908-ல் அட்டவணை போட்டார். ஆட்டின் புண்ணியத்தில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனால் கரையேறியதும் நைட்ரஜன் தீர்ந்துவிடுவதில்லை. மிச்சம் மணிக்கணக்காக உள்ளேயே இருக்கிறது. அந்த நிலைமையில் பாபாதா உச்சிக்கு ரோப்காரில் போனால்? அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சோடா மூடி இன்னும் கொஞ்சம் திறந்த கணக்கு. விமானம் ஏறுவதற்கு முன்னால், சாதாரண டைவ் ஒன்று என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல தடவை முங்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருங்கள் என்று டைவர்களுக்கு அறிவுரை இருக்கிறது. மலை ஏறினாலும் அதே கதைதான். உடம்புக்கு விமானமும் ஒன்றுதான், அப்பா மலையும் ஒன்றுதான். வரிசையை மாற்றி, காலையில் பறந்துவிட்டு மத்தியானம் முங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பலகையில் இந்த வித்தியாசம் தெரியாது. விலை இரண்டுக்கும் ஒன்றே.

இதே காஷ் பக்கத்தில் ஊலுபுரூன் என்று ஒரு முனை. 1982-ல் மெஹ்மெத் சாகிர் என்கிற கடற்பஞ்சு டைவர், வயிற்றுப் பிழைப்புக்காக முங்கியவர், கடலுக்கு அடியில் 'காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்' கிடப்பதாக வந்து சொன்னார். பார்த்தால் சுமார் 3,300 வருஷத்துக்கு முந்தைய கப்பல்! பிஸ்கட் எல்லாம் செம்புக் கட்டிகள். மொத்தம் 10 டன். கூடவே ஒரு டன் வெள்ளீயம். 1984 முதல் 1994 வரை தோண்டினார்கள். கப்பல் கிடந்தது 44 மீட்டருக்குக் கீழே. அந்த ஆழத்தில் அதிக நேரம் தங்கக்கூடாது. ஆகவே மொத்தம் 22,413 தடவை முங்கி, அடியில் 6,613 மணி நேரம் வேலை செய்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு முங்கலுக்குப் பதினெட்டு நிமிஷம்கூடத் தேறாது. மூவாயிரம் வருஷத்துப் புதையல் கண்ணெதிரே கிடக்கிறது, கையில் இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினால் தெரிந்துவிடும், அந்த நேரத்தில் கடிகாரம் யோக் சொல்கிறது. விட்டுவிட்டு மேலே வருகிறார்கள். 22,413 தடவை. என்னைக் கேட்டால் சாகசம் என்பது அதுதான்.

இந்தக் கடலோரத்தில் யோக்கை மதிக்காதவர் ஒருத்தர் புராணத்தில் இருக்கிறார். பெலரோஃபோன் என்று கிரேக்கத்து வீரர். லிசியாவில் கைமேரா என்று முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பாக ஒரு மிருகம் தீயைக் கக்கிக்கொண்டிருந்தது. சிராலி என்ற ஊருக்கு மேலே மலைப் பாறையிலிருந்து எரிவாயு கசிந்து இன்றைக்கும் ராப்பகலாக எரிகிறது. அதுதான் கதைக்கு மூலம் என்பார்கள். பெலரோஃபோன் இறக்கை முளைத்த பெகாசஸ் குதிரையில் ஏறி, ஆகாயத்திலிருந்து அந்த மிருகத்தைக் கொன்றார். அதோடு நின்றிருக்கலாம். நாம்தான் பறக்கிறோமே என்று தேவலோகத்துக்கே குதிரையைத் திருப்பினார். பெரிய கடவுள் ஒரு ஈயை அனுப்பி, குதிரையைக் கடிக்கச் செய்தார். குதிரை துள்ளியது. ஐயா கீழே விழுந்தார். மிச்ச நாளெல்லாம் தனியாக அலைந்து முடிந்தார். இந்தப் பக்கத்தில் முதன்முதலில் பறந்தவரின் கதை இது. பைலட்டின் 'ச்' அப்போது இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

எங்கள் கதை சுபம். ஐந்தாம் நாள் காலை பைலட்டின் புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே போனோம். சரிவு நுனியில் கால்; அதற்கப்பால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லைக்கு அப்பால் கடல். சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "ஓடு. நான் சொல்கிற வரை உட்காராதே." கால் தரையை விட்டதும் உட்காரத் தோன்றுமாம். சீக்கிரம் உட்கார்ந்தால் ஓட்டம் நின்று, இறக்கைக்கு வேகம் போதாமல் இரண்டு பேரும் பாறையில் தேய்வார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பெரியவர் இரண்டாவது எட்டிலேயே சோபாவில் சாய்வது மாதிரி சாய்ந்தார். பைலட்டும் அவரும் பத்தடி சறுக்கி நின்றார்கள். பேன்ட் மட்டும் காலி. தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடினார்.

என் மனைவி ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடித்துப் பழகிய ஓட்டம். ஐந்தாவது எட்டில் பூமியை விட்டுவிட்டாள். பின்னாலேயே நானும். ஓட ஓடக் கால் காற்றில் ஓடியது. அப்புறம் சத்தமே இல்லை. நிமிஷத்துக்குச் சுமார் 60 மீட்டர் இறங்குகிறது, முன்னால் போவது ஸ்கூட்டர் வேகம். கணக்குப் போட்டால் அரை மணி. அந்த அரை மணி நேரமும் பயம் போகவில்லை. ஆனால் இந்த ஆள் மூன்று நாள் மாட்டேன் என்றவர், இன்றைக்குச் சரி என்கிறார் என்கிற எண்ணம் அந்தப் பயத்துக்குக் கீழே ஒரு பாய் விரித்த மாதிரி இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். மயில் கழுத்து நிறத்தில் அந்தச் செத்த கடல், கை அகலத்துக்கு, கீழே மெல்லத் திரும்பியது.

நீங்களும் ஒரு நாள் போகலாம். எந்தக் கடலோரமானாலும் சரி, கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள்?" நேற்று, போன வாரம் என்று ஏதாவது ஒரு நாளைச் சொன்னால் உட்காருங்கள். "நாங்க யாரையும் திருப்பி அனுப்பறதே இல்ல சார், தினமும் உண்டு" என்று பெருமையாகச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் லீவில் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் வருகிறவனுக்குத்தான் யோக் கசக்கும்.

காசு கொடுத்துப் போன இடத்தில், நம் நல்லதுக்காகத் தன் வரும்படியை விட்டுக்கொடுத்து ஒருத்தர் கிடையாது என்கிறார். அந்த யோக் கிடைப்பதற்கும் யோகம் வேண்டும் ஸார்!